ஷார்ட் ஷிஃப்டர்: கியர் லீவரின் வீச்சைக் குறைத்தால் என்ன நடக்கிறது?

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது கை என்ன செய்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். லீவரை மேலே தள்ளி, நடுவில் ஒரு பக்கம் நகர்த்தி, மறுபடி மேலே தள்ளுகிறோம். சில வண்டிகளில் இதற்குள் கை ஒரு சாண் தூரம் பயணம் செய்துவிடும். இன்னும் சிலவற்றில் மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், டக்கென்று கியர் விழும். ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு லீவரின் தலை நகரும் தூரத்தைத்தான் 'த்ரோ' என்கிறார்கள். தமிழில் வீச்சு என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனி கொடுத்த லீவரைக் கழற்றிவிட்டு, இந்த வீச்சைக் குறைக்கும் வேறொரு லீவரைப் பொருத்தினால் அதுவே ஷார்ட் த்ரோ ஷிஃப்டர். சுருக்கமாக, ஷார்ட் ஷிஃப்டர்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பலர் முதலில் கை வைக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. எஞ்சினைத் தொட வேண்டாம், காரைத் தூக்க வேண்டாம், ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் மாற்றத்தைக் கையிலேயே உணரலாம். ஆனால் இதைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளில் பாதி தவறு. அதனால் லீவருக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

உதாரணத்துக்கு மாஸ்டா மியாட்டாவை எடுத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான இரண்டு பேர் கார் இது. எஞ்சின் முன்னால், இயக்கம் பின்சக்கரத்தில். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இதில் கியர் பாக்ஸ் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே நீளவாட்டில் கிடக்கிறது. லீவர் நேரே அதன் தலையில் இறங்குகிறது. இடையில் கம்பியும் இல்லை, கேபிளும் இல்லை. கொள்கையைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய அமைப்பு கிடைக்காது. நான் ஓட்டுவதும் இதன் முதல் தலைமுறை மாடல்தான், இடப்பக்க ஸ்டீயரிங் உள்ளது.

கடப்பாரையால் கல்லை நெம்பியவர்களுக்குக் கியர் லீவர் புதிதல்ல. கல்லுக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டை வைத்து, கடப்பாரையின் மறுமுனையை நாம் அழுத்துகிறோம். கை ஒரு அடி இறங்கினால் கல் ஒரு அங்குலம் எழும்பும். கை அதிக தூரம் போகிறது, அதற்குப் பதிலாகக் குறைந்த பலம் போதுமாக இருக்கிறது. கியர் லீவரிலும் அதேதான். லீவரின் நடுவே ஒரு உருண்டை இருக்கிறது. அது ஒரு குழிக்குள் உட்கார்ந்து எல்லாத் திசையிலும் திரும்பும். அதுதான் முட்டுக்கட்டை. உருண்டைக்கு மேலே உள்ள நீண்ட பகுதி நம் கையில். கீழே உள்ள குட்டைப் பகுதி கியர் பாக்ஸுக்குள் இருக்கும் தண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்தத் தண்டு கவை போன்ற ஒரு பாகத்தை நகர்த்த, கவை கியரைப் பூட்டுகிறது.

கணக்குப் புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உருண்டைக்கு மேலே 200 மி.மீ., கீழே 50 மி.மீ. என்றால் விகிதம் 4. உள்ளே தண்டு 12 மி.மீ. நகர வேண்டும் என்றால் நம் கை 48 மி.மீ. நகர வேண்டும். இப்போது கீழ்ப்பகுதி 65 மி.மீ. நீளமுள்ள ஒரு லீவரைப் போடுகிறோம். விகிதம் ஏறக்குறைய 3.1. அதே 12 மி.மீ. வேலைக்குக் கை 37 மி.மீ. போனால் போதும். வீச்சு கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்துவிட்டது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முன்பு 3 கிலோ பலத்தில் விழுந்த கியருக்கு இப்போது 3.9 கிலோ வேண்டும். உள்ளே தண்டுக்குத் தேவையான தள்ளு அப்படியேதான் இருக்கிறது. நாம் தூரத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது தூரத்தை மிச்சம் பிடித்ததால் பலத்தைக் கையிலிருந்து கொடுக்கிறோம். எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கம்பெனி லீவரை வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 'வீச்சும் குறையும், லேசாகவும் விழும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீச்சைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்னதுபோல உருண்டை இருக்கும் இடத்தை உயர்த்தி, கீழ்ப்பகுதியை நீளமாக்குவது. இதற்காகச் சில செட்டுகளில் உருண்டை உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு உலோக வளையம் வைத்து உயர்த்துவார்கள். இன்னொன்று, கீழ்ப்பகுதியைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் குட்டையாக்குவது. 200 மி.மீ. இருந்ததை 160 ஆக்கினால் விகிதம் 3.2, கை நகர்வது 38 மி.மீ. வீச்சு ஏறக்குறைய முன்னதைப் போலவே வந்துவிட்டது. ஆனால் கை பிடிக்கும் குமிழ் 40 மி.மீ. கீழே இறங்கிவிடும், ஒவ்வொரு முறையும் கை ஸ்டீயரிங்கை விட்டு இன்னும் தாழப் போக வேண்டும். அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். குமிழ் ஸ்டீயரிங்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் வேகத்தில் சேர்த்தியே.

முன்சக்கர இயக்கம் உள்ள கார்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்னால் குறுக்குவாட்டில் கிடப்பதால், இன்று பெரும்பாலும் லீவரிலிருந்து இரண்டு கேபிள்கள் போகின்றன. ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றது பக்கவாட்டு அசைவுக்கு. ஷார்ட் ஷிஃப்டர் என்று விற்கப்படுவது லீவரின் அடிப்பகுதியையோ, கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் மாட்டும் கையையோ மாற்றுவதாக இருக்கும். பல செட்டுகளில் முன்பின் வீச்சு மட்டும் குறையும், பக்கவாட்டு இடைவெளி பழையபடியே இருக்கும். மியாட்டா போன்ற நேரடி லீவரில் இரண்டும் சேர்ந்தே குறையும். இது பின்னால் முக்கியமாகும்.

அடுத்தது, வீச்சு குறைந்தால் கியர் வேகமாக மாறுமா என்ற கேள்வி. கை வேகமாக நகரும் என்பது சரி. கியர் பாக்ஸ் வேகமாகாது. காரணம் சிங்க்ரோ.

ஓடும் பஸ்ஸில் ஏறியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து தாவினால் கை பிய்ந்துவிடும். பஸ்ஸோடு நாலு அடி ஓடி, இரண்டு வேகமும் ஒன்றான பிறகுதான் படியில் கால் வைப்பார்கள். கியர் பாக்ஸுக்குள் அந்த நாலு அடி ஓட்டம்தான் சிங்க்ரோவின் வேலை. பெரும்பாலும் பித்தளையில் செய்த, உட்புறம் கூம்பாகச் சரிந்த ஒரு வளையம் அது. நாம் லீவரைத் தள்ளும்போது அந்த வளையம் முதலில் கியரின் கூம்பில் உரசுகிறது. உரசி உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும்வரை பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள விடாமல் தடுத்து நிற்கிறது. லீவர் பாதி வழியில் ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றுகிறதே, அந்த ஒரு கணம் இதுதான்.

முதல் தலைமுறை மியாட்டாவின் ஐந்து கியர் பெட்டியில் மூன்றாவதின் விகிதம் 1.330, நான்காவது 1.000. அதாவது கியர் பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டு ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். மூன்றாவதில் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்காவதுக்கு மாற்றினால், உள்ளே சுழலும் பாகம் ஏறக்குறைய 4,900 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். அந்த 1,600 சுற்றைக் குறைத்துக் கொடுப்பது அந்தச் சின்ன வளையத்தின் உரசல். அதற்கு நேரம் வேண்டும். லீவர் குட்டையாகிவிட்டது என்பது வளையத்துக்குத் தெரியாது. அவசரப்பட்டு அடித்துத் தள்ளினால் 'கர்ர்' என்ற சத்தம் வரும், வளையம் தேயும். குறைந்த வீச்சோடு அதிக வேகமும் சேர்ந்தால் கியர் பாக்ஸைத் திறந்து பழுதுபார்க்கும் நாள் சீக்கிரம் வரும்.

ஷார்ட் ஷிஃப்டர் வாங்க நினைக்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்களுக்குப் பிடிக்காதது வீச்சா, ஆட்டமா? லீவரை மூன்றாவது கியரில் போட்டுவிட்டு விரலால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று நாலா பக்கமும் ஆடினால், மெக்கானிக்குகள் சொல்கிற 'ப்ளே' அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். லீவரின் அடிமுனையில் தொப்பி மாதிரி ஒரு சின்ன நைலான் புஷ் உண்டு. உருண்டையைச் சுற்றியும் பிளாஸ்டிக் குழி, அதை அழுத்திப் பிடிக்கும் அலைபோல வளைந்த ஸ்பிரிங் வாஷர் எல்லாம் உண்டு. வருடங்கள் போகப் போக இவை தேய்கின்றன, வெடிக்கின்றன. நைலான் புஷ் தேய்ந்து அடியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், மேலே குமிழில் அது நாலு மில்லிமீட்டராகத் தெரியும்.

இந்த நிலையில் ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் ஆட்டம் மூன்று மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் வீச்சும் அதே அளவு குறைந்துவிட்டதால், வீச்சில் எத்தனை பங்கு ஆட்டம் என்பது மாறவே மாறாது. பழைய தொளதொளப்பு சின்ன அளவில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். புஷ், வாஷர், ரப்பர் உறை ஆகியவற்றை மட்டும் புதிதாகப் போட்டு, கியர் ஆயிலையும் மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கம்பெனி லீவரே போதும் என்று நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. மியாட்டாவின் லீவர் ஆரம்பத்திலிருந்தே குறைந்த வீச்சு உடையது, அதைப் புதுசு மாதிரி ஆக்கினால் கையில் வரும் சந்தோஷமே தனி. அப்புறமும் குறைக்க வேண்டும் என்று தோன்றினால், மனத்தெளிவோடு வாங்கலாம்.

வாங்கியாகிவிட்டது என்றால், பொருத்துவது அரை நாள் வேலை. ஆறிய வண்டியில் செய்யுங்கள், கியர் பாக்ஸ் சூடாக இருந்தால் கை வைக்க முடியாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, லீவரை நியூட்ரலில் விடவும். நியூட்ரலில் கார் உருளும் என்பதால் கட்டையை மறக்கக் கூடாது. குமிழைத் திருகிக் கழற்றிய பிறகு, நடுவிலுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் திருகுகளை எடுக்க வேண்டும். பவர் விண்டோ உள்ள முதல் தலைமுறை மியாட்டாவில் அதன் சுவிட்ச் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒயரைப் பிரிக்காமல் இழுத்தால் அறுந்துவிடும்.

பெட்டி வந்ததும் பெரிய ரப்பர் உறை தெரியும். நான்கு போல்ட், 10 மி.மீ. ஸ்பானர். அதற்குக் கீழே சின்ன ரப்பர் உறை, அதையும் லீவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மூன்று போல்ட். இந்த மூன்றில் ஸ்பானர் வைப்பதற்கு முன்னால் சுற்றுப்புறத்தை வாக்குவம் போட்டு, துணியால் துடைத்துச் சுத்தமாக்குங்கள். திறக்கப் போவது கியர் பாக்ஸின் வாய். வருடக்கணக்கில் சேர்ந்த மண்ணும் பொடியும் உள்ளே விழுந்தால் அவை ஆயிலோடு கலந்து பற்களுக்கிடையே போகும். இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் கவலைப்படுகிற இடம் இதுதான்.

சின்ன ரப்பர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால், கோடையில் காருக்குள் ஏன் அப்படிச் சுட்டது, ஆயில் வாடை எங்கிருந்து வந்தது என்பதற்கெல்லாம் விடை கிடைத்துவிடும். எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கும் தடுப்புகளில் இதுவும் ஒன்று. பழையதை மறுபடி போட வேண்டாம்.

போல்ட்டுகளை எடுத்ததும் லீவர் நேராக மேலே வரும். உடனே அதன் அடிமுனையைப் பாருங்கள். நைலான் தொப்பி அதில் இல்லையென்றால் அது உள்ளேயே தங்கிவிட்டது. நைலான் காந்தத்தில் ஒட்டாது, நீண்ட மூக்குக் குறடால் பொறுமையாக எடுக்க வேண்டும். உடைந்திருந்தால் எல்லாத் துண்டுகளும் வெளியே வந்துவிட்டனவா என்று சேர்த்து வைத்துப் பார்க்கவும். கை எடுக்கும் போதெல்லாம் சுத்தமான துணியால் வாயை மூடி வையுங்கள்.

மியாட்டாவில் லீவர் இறங்கும் குழிக்கென்று தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு. கீழே இருக்கும் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றினாலும் இது மாறாது. பழையதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, சுமார் 90 மில்லி புது கியர் ஆயில் ஊற்ற வேண்டும். ஜிஎல்-4 தரம், 75டபிள்யூ-90 தடிமன். இங்கே கிரீஸ் அப்பி மூடுவது சரியல்ல, இந்தக் குழி ஆயிலில் நனைந்திருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. சில கார்களில் இதே இடத்துக்கு கிரீஸ்தான் சொல்லப்பட்டிருக்கும், அதனால் உங்கள் காரின் மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

புது லீவரில் புது புஷ்ஷை மாட்டி இறக்குங்கள். லீவர் வளைந்த வடிவம் என்றால் வளைவு எந்தப் பக்கம் என்று பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்திருந்தால் குழப்பம் வராது. மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவும். கியர் பாக்ஸின் உடல் அலுமினியம், அசுர பலம் காட்டினால் மரை போய்விடும்.

பிளாஸ்டிக் பெட்டியை உடனே மாட்ட வேண்டாம். எஞ்சினை ஓட விடாமல், கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், ரிவர்ஸ் உட்பட. நிற்கும் காரில் ஏதாவது ஒரு கியர் விழ மறுத்தால் பயப்பட வேண்டாம், பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டியிருக்கும். வேறொரு கியரில் போட்டுவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் விழும். ஒவ்வொரு கியரும் கடைசி வரை போகிறதா, அதற்கு முன்பே லீவர் எங்காவது இடிக்கிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. ரப்பரோ தகடோ தடுத்து, கியர் முழுதாக விழாமல் நின்றால், ஓடும்போது அது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் போன்ற கார்களில் ரிவர்ஸுக்கு லீவரிலுள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். அவற்றில் அந்த வளையம் முழுதாக ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி பழகுவது. முதல் இரண்டு நாட்கள் லீவர் கல் மாதிரி இருப்பதாகத் தோன்றும். முன்பு தோளிலிருந்து வீசிய கை, அதே வீச்சில் போய் முட்டி நிற்கும். லீவரை முஷ்டியால் பிடிப்பதை விட்டுவிடுங்கள். குமிழின் மேல் உள்ளங்கையைத் தளர்வாக வைத்து, விரல்களால் வழிநடத்தினால் போதும். சிங்க்ரோ தடுக்கும் அந்த ஒரு கணம் முன்பைவிடத் தெளிவாகக் கையில் தெரியும். அங்கே மல்லுக்கு நிற்காமல் லேசான அழுத்தத்தைக் கொடுத்துக் காத்திருந்தால் லீவர் தானே உள்ளே போகும்.

குளிர்ந்த வண்டியில் இது இன்னும் முக்கியம். ஆயில் கெட்டியாக இருக்கும்போது முதல் தலைமுறை மியாட்டாவில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது வழக்கம். என் காரிலும் அப்படித்தான். லீவர் குட்டையான பிறகு கைக்குக் கிடைக்கும் நெம்பு குறைந்துவிட்டதால் அது கூடுதலாகத் தெரியும். முதல் சில கிலோமீட்டருக்கு நிதானமாக மாற்றுங்கள். தேவைப்பட்டால் நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்து இரண்டாவதைப் போடலாம். கியரைக் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் நல்லது. நான்காவதில் 3,000 சுற்றில் இருந்தால் மூன்றாவதில் அது சுமார் 4,000 ஆக வேண்டும். அந்த இடைவெளியைக் கால் நிரப்பிக் கொடுத்தால் எஞ்சினும் கிளட்ச்சும் குலுங்காமல் சேரும். இதோடு கிளட்ச்சை இருமுறை மிதிக்கும் முறையையும் சேர்த்தால் சிங்க்ரோவின் பாரமும் குறையும்.

பழகும் காலத்தில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. நேரடி லீவரில் பக்கவாட்டு இடைவெளியும் குறைந்துவிட்டது என்று முன்பே சொன்னேன். இரண்டாவதும் நான்காவதும் இப்போது பக்கத்துப் பக்கத்து வீடுகள். இடப்பக்க ஸ்டீயரிங் காரில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு இழுக்கும்போது, வலது கை தன்னையறியாமல் உடம்பை நோக்கி இழுத்தால் லீவர் இரண்டாவதில் விழும். இரண்டாவதின் விகிதம் 1.888. மூன்றாவதில் 6,500 சுற்றில் இருந்த எஞ்சினைச் சக்கரங்கள் 9,200 சுற்றுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். 1.6 லிட்டர் மியாட்டாவின் சிவப்புக் கோடு, அதாவது எஞ்சின் தாண்டக் கூடாத எல்லை, 7,000. ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது, அது எரிபொருளைத்தான் நிறுத்தும். எஞ்சினைச் சுழற்றுவது இப்போது சாலையில் உருளும் சக்கரம். வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து கார் சுழலலாம். இந்தத் தவறுக்கு ஆங்கிலம் பேசும் கார்ப் பிரியர்கள் 'மணி ஷிஃப்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஒரே அசைவில் ஒரு எஞ்சினின் விலை போய்விடும் என்பதால்.

தப்பிக்கும் வழி லீவருக்குள்ளேயே இருக்கிறது. நியூட்ரலில் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு ஸ்பிரிங் அதை மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தும். அதை வேலை செய்ய விடுங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் திறந்த உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளினால் போதும், பக்கவாட்டு வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். நான்காவதுக்கு, விரல்களைக் கொக்கி போல வைத்து நேர்கோட்டில் பின்னுக்கு இழுங்கள். கை எலும்பில் இது ஏறும்வரை சிவப்புக் கோட்டுப் பக்கமே போக வேண்டாம். 4,000 சுற்றுக்குள் பழகினால் தவறு நேர்ந்தாலும் ஒரு குலுக்கலோடு போய்விடும்.

கனமான குமிழ் பற்றியும் கேட்பார்கள். நகரத் தொடங்கிய லீவரை அதன் எடையே முன்னே கொண்டுபோகும் என்பதால், கூடிய பலத்தேவையில் கொஞ்சம் மறைந்துவிடும். நல்ல துணைதான். ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் உலோகக் குமிழைத் தொட முடியாது. ஒரு பருத்தித் துணியை மேலே போட்டு வைப்பது என் வழக்கம். மியாட்டாவுக்கு வாங்கும்போது 10 மி.மீ. விட்டம், 1.25 மரை என்று கேட்டு வாங்குங்கள்.

சத்தமும் கொஞ்சம் கூடும். பல கார்களில் கம்பெனி லீவரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ரப்பர் இருக்கும், கியர் பாக்ஸின் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். மாற்று லீவர்கள் பெரும்பாலும் ஒரே இரும்புத் துண்டு. உள்ளே பற்கள் சுழலும் இரைச்சலும் நடுக்கமும் நேரே உள்ளங்கைக்கு வரும். எனக்கு அது பிடிக்கும், கியர் பாக்ஸோடு பேசிக்கொண்டே போவது போலிருக்கும். தினமும் நெரிசலில் இரண்டு மணி நேரம் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே போய்வருகிறவருக்குப் பிடிக்காமல் போகலாம், கூடிய பலமும் அங்கேதான் கையை வலிக்க வைக்கும்.

அதனால் பழைய லீவரைத் துடைத்து, அதன் வாஷர், திருகுகளோடு ஒரு பையில் கட்டி, எந்த வரிசையில் வந்தது என்று எழுதி வையுங்கள். காரை விற்கும்போதும் வாங்குபவர் அதைக் கேட்பார்.